கணித ஆசிரியரும் பகுதிநேரப் பட்டமும்

நம் கல்லூரியிற் கணிதம் பயின்று வெளிச்சென்றவருள் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டோர் தொகை சிறிதன்று. மலையடிவாரத்து ஊர்களிலும், மலைமேலுள்ள தோட்டப் பகுதிகளிலும் பணிபுரியும் அன்னாரிடமிருந்து அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. பணியை விடாமலே மேற்பட்டம் பெறுதல் இயலுமா? இயலுமாயின், அதனால் விளையும் பயன் ஊதியத்தளவில் நிற்பதா, வகுப்பறை வரை செல்வதா? இவ்விரு வினாக்களையும் போடிநாயக்கனூரையும் அதன் மேற்கே எழுந்து நிற்கும் ஏலமலைச் சரிவுகளையும் மனத்திற்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விடத்தைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. நகரத்து ஆசிரியர்க்கு மாலைக் கல்லூரி உண்டு, நூல்நிலையம் உண்டு, ஐயம் நேர்ந்தவிடத்து நாடிச் செல்லப் பேராசிரியர் ஒருவரேனும் உண்டு. குரங்கணியிலோ கொட்டகுடியிலோ பாடஞ் சொல்லும் ஆசிரியர்க்கு இவற்றுள் ஒன்றும் அணித்தில் இல்லை. கொழுக்குமலையோ இன்னும் விந்தையானது. அது தேனி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், அவ்விடம் ஊர்தியிற் செல்ல விரும்புவோர் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகச் சுற்றியே செல்லுதல் வேண்டும். எனவே, பகுதிநேரக் கல்வி என்பது மலைநாட்டு ஆசிரியர்க்குப் பல வழிகளுள் ஒரு வழியன்று. பெரும்பாலும் அஃதொன்றே வழி.

மாணாக்கர் நிலையையும் ஈண்டுக் கூறவேண்டும். போடியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் உள்ள தாய்மார் பலர் விடியுமுன் எழுந்து, சோறு பொங்கி வைத்துவிட்டு, ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து மலையேறி, ஏலத் தோட்டங்களில் நாள் முழுதும் உழைத்துப் பொழுது சாயும் வேளையில் இல்லந் திரும்புகின்றனர். இத்தகைய வீட்டுப் பிள்ளைக்கு வீட்டுக்கணக்கில் ஓர் ஐயம் தோன்றினால் கேட்பதற்கு ஆள் இல்லை. கேட்கத்தக்கவர் ஆசிரியர் ஒருவரே. அவ்வாசிரியர் அறிந்த எல்லையே அப்பிள்ளையின் கணிதத்துக்கும் எல்லையாகிவிடுகின்றது. இக்காரணத்தால், ஆசிரியர் மேற்கொண்டு பயிலுவதை அவரது சொந்த முன்னேற்றம் என்று மட்டும் எண்ணி ஒதுக்குதல் பொருந்தாது.

பணிபுரிந்துகொண்டே பயிலுதல் புதிய வழக்கம் என்று கருதுவோர் உளர், அது சரியன்று. 1904ஆம் ஆண்டு இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம், கல்லூரியிற் பயின்றதற்குச் சான்று காட்டாதவரைப் பட்டத் தேர்வுக்கு விடலாகாது என்று பொதுவிதி வகுத்தபோதே, தனி ஆணையின் பேரில் விலக்கு அளிக்கவும் இடம் வைத்தது. அவ்வாயிலின் வழியே தனித்தேர்வராகப் புகுந்து பட்டம் பெற்றோருள் பள்ளி ஆசிரியர்களும் இருந்தனர். இரவில் விளக்கொளியிற் படித்துப் பகலிற் பாடஞ்சொன்ன அத்தலைமுறையினர்க்கு அச்சிட்ட பாடக் குறிப்புகளும் இல்லை, தொடர்பு வகுப்புகளும் இல்லை.

கணிதத்துக்கே உரிய நிகழ்ச்சி ஒன்று 1907இல் நடந்தது. துணைக் கலெக்டராகப் பணியாற்றிய வி. இராமசாமி ஐயர் என்பார் கணிதத்தில் ஆர்வங்கொண்ட சிலரை ஒன்றுசேர்த்து ஒரு கழகம் நிறுவினார். பின்னர் இந்தியக் கணிதக் கழகம் என்று பெயர் பெற்றது அதுவே. அதன் முதல் நோக்கங்களுள் ஒன்று, தனியொருவர் வாங்க இயலாத அயல்நாட்டுக் கணித இதழ்களைச் சந்தாப் பணத்தால் வருவித்து, அஞ்சல் வழியாக உறுப்பினர்க்குள் ஒருவர்பின் ஒருவராகச் சுற்றுக்கு விடுதல். அஞ்சல்வழிக் கல்வி என்னும் சொல் நம் நாட்டில் வழங்குமுன்னரே அஞ்சற்பையிற் கணிதம் பயணஞ்செய்தது. இராமானுசன் தம் முதற் கட்டுரைகளை வெளியிட்டதும் அக்கழகத்தின் இதழிலேதான்.

முறையான அஞ்சல்வழிப் பட்டக்கல்வி 1962இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் துணையுடன் கோடைக்காலப் பயிலரங்குகள் ஏற்பட்டுக் கணித ஆசிரியர்கள் விடுமுறையில் ஒன்றுகூடிப் பயிலும் வாய்ப்பு உண்டாயிற்று. மைசூரிலுள்ள வட்டாரக் கல்வியியற் கல்லூரி கோடை விடுமுறையில் நேர்வகுப்பும், ஏனைய மாதங்களில் அஞ்சற் பாடமும் என இரண்டையும் இணைத்துப் பயிற்சிப் பட்டம் வழங்கத் தலைப்பட்டது. இவ்விணைப்பு முறை ஆசிரியர் வாழ்வின் போக்குக்கு மிகவும் இயைந்தது என்பது நம் கருத்து. பின்வந்த திட்டங்கள் பல அதனைக் கைவிட்டது வருந்தத்தக்கது.

தென்பாண்டி நாட்டைப் பொறுத்தவரை, 1966இல் நிறுவப்பெற்ற மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியதே பெருந்திருப்பமாகும். 1978இல் காமராசர் பெயர் பூண்ட அப்பல்கலைக்கழகத்தின் பாடப் பொட்டலங்கள் போடி, கம்பம், உத்தமபாளையம் முதலிய ஊர்களின் அஞ்சல் நிலையங்களை நீண்டகாலம் நிறைத்து வந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இத்துறையிற் புகுந்தன. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. முன்னதில் கணினிப் பயன்பாட்டுடன் கூடிய கணித எம்.எஸ்ஸி. பட்டம் உண்டு என்பதை நம் வாசகர் குறித்துக்கொள்வாராக.

வரலாறு நிற்க. இனி, மேற்பட்டம் பெற்ற ஆசிரியர் ஆறாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ சொல்லப்போவது அதே பழைய பாடந்தானே, அதற்கு மெய்யெண் பகுப்பாய்வும் குலக் கொள்கையும் எற்றுக்கு என்று வினவுவார்க்கு விடை கூறுவோம்.

ஜெர்மானியக் கணித அறிஞர் பெலிக்ஸ் கிளைன் 1908ஆம் ஆண்டு, உயர்நிலையினின்று நோக்கும் தொடக்கக் கணிதம் பற்றி ஆசிரியர்க்கென விரிவுரைகளை வெளியிட்டார். அவர் கண்ட குறை இது: பள்ளியை விட்டுப் பல்கலைக்கழகம் புகும் இளைஞன், அங்குக் கற்பனவற்றுக்கும் தான் முன் கற்றவற்றுக்கும் தொடர்பு ஒன்றுங் காணாமல் பள்ளிக் கணிதத்தை மறந்துவிடுகிறான், பட்டம் பெற்று ஆசிரியனாகப் பள்ளிக்கு மீளும்போது, அங்குப் பல்கலைக்கழகக் கணிதத்துக்கு இடம் ஒன்றுங் காணாமல் அதனையும் மறந்து, தன் ஆசிரியர் சொன்னவாறே சொல்லத் தொடங்குகிறான். இவ்வாறு இருமுறை அறுபடும் தொடர்பைப் பிணிப்பதே ஆசிரியர்க்குரிய உயர்கணிதத்தின் வேலை. பகுதிநேர மாணவராகிய ஆசிரியர்க்கு இவ்விடத்தில் ஓர் அரிய வாய்ப்பு இருக்கின்றது. அவர் பள்ளியை விட்டுப் போவதே இல்லை. ஞாயிறு இரவு படித்ததைத் திங்கள் காலை வகுப்பில் உரைத்துப் பார்க்கலாம்.

சான்று ஒன்று காட்டுவோம். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் வருவது ஏன் என்று ஏழாம் வகுப்பு மாணவன் வினவுகின்றான். விதி அப்படி என்று கூறி வாயடைக்கும் ஆசிரியர் பலர். கடன், வரவு என்று உவமை கூறித் தாமே குழம்புவோரும் உளர். இயற்கணிதத்தில் வளையம் என்னும் பகுதியைப் பயின்றவர்க்கு விடை இரண்டு வரிகளில் அமையும். 1உம் −1உம் கூடினால் 0. அக்கூட்டுத்தொகையை −1ஆல் பெருக்கினாலும் 0 தான். பங்கீட்டு விதிப்படி அதனைப் பிரித்தால், −1 பெருக்கல் 1 என்பது −1; அதனோடு −1 பெருக்கல் −1 என்பதைக் கூட்டினால் 0 வரவேண்டும். எனவே −1 பெருக்கல் −1 என்பது +1 ஆதல் வேண்டும். வேறாயின் பங்கீட்டு விதியே பழுதுபடும். இவ்வளவில் அவ்விதி யாரோ இட்ட கட்டளையாக இல்லாமல், கூட்டலும் பெருக்கலும் ஒன்றோடொன்று இசைந்து வாழ்வதற்கு நேரும் விளைவாகத் தோன்றுகின்றது. ‘வளையம்’ என்ற சொல்லை ஆசிரியர் வகுப்பில் உச்சரிக்கவே வேண்டியதில்லை.

ஊரின் தொழிலினின்றே எழும் கணக்குகளும் பல. ஏலக்காய் பறித்த அன்றே ஸ்டோருக்குச் சென்று உலர்த்தப்படுதல் வழக்கம். பச்சைக் காயில் நூற்றுக்கு 80 பங்கு நீர் என்றும், உலர்ந்த காயில் நூற்றுக்கு 10 பங்கு நீர் என்றும் கொள்வோம். 100 கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் எத்தனை கிலோ தேறும்? 80இல் 10 போக 70 நீங்கிற்று, ஆகவே 30 கிலோ என்பர் மாணாக்கர், மாணாக்கர் மட்டுமல்லர். உண்மையில், நீரல்லாத பகுதி 20 கிலோ. உலர்ந்தபின் அது நூற்றுக்கு 90 பங்காக நிற்கும். எனவே தேறுவது 20ஐ 0.9ஆல் வகுத்துவரும் 22.2 கிலோ மட்டுமே. ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ உலர்காய் ஆயிற்று. தோட்டக்காரர் அனுபவத்தால் அறிந்திருக்கும் விகிதத்துக்கு இது தொலைவில் இல்லை. நூற்றுவீதம் என்பது எதற்கு நூறு என்று கேட்காமல் சொல்லத்தகாதது என்னும் பாடத்தை இதனினும் நன்றாகப் புகட்டும் கணக்கு எந்த நூலில் உளதோ யாம் அறியோம்.

காய்களைச் சல்லடையிட்டு மில்லிமீட்டர் அளவாகத் தரம் பிரிக்கின்றனர். 7 மில்லிமீட்டர் காய்க்கும் 8 மில்லிமீட்டர் காய்க்கும் வேறுபாடு ஒரு மில்லிமீட்டர்தானே, விலை ஏன் அவ்வளவு ஏறுகின்றது என்று தோன்றலாம். இரண்டும் ஒத்த வடிவின எனக் கொண்டால், கனஅளவு விட்டத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் வளரும். 8இன் மும்மடி 512. 7இன் மும்மடி 343. அஃதாவது பெரிய காய் சிறியதைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. விட்டம் ஏழில் ஒரு பங்கு கூட, கனம் பாதி கூடிற்று. விலை ஏறுவதற்குக் கணிதம் ஒன்றே காரணம் என்று நாம் கூறவில்லை; நிறமும் வாங்குவோர் விருப்பமும் உண்டு.

பின்னர், ஏலம் ஏலம் போகின்றது. (இவ்விரு சொற்களும் ஒலியால் ஒன்றாய் நிற்பது நம் மொழி செய்த விளையாட்டு.) போடிநாயக்கனூர் இத்தொழிலின் தலைச்சந்தைகளுள் ஒன்று, 2007 முதல் நறுமணப்பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் மின்னணு முறை ஏலம் நடைபெறுகின்றது. அன்றைய சராசரி விலை என்று ஒரு தொகை அறிவிக்கப்படும். 40 கிலோ குவியல் ஒன்று கிலோ 2,000 ரூபாய்க்கும், 10 கிலோ குவியல் ஒன்று கிலோ 3,000 ரூபாய்க்கும் விற்றதாகப் பாவிப்போம். சராசரி 2,500 என்பான் ஒரு மாணவன். மொத்த வருமானம் 1,10,000 ரூபாய். மொத்த எடை 50 கிலோ. ஆகவே சராசரி 2,200. எடையிட்ட சராசரி என்னும் கருத்தைப் புள்ளியியலிற் கற்ற ஆசிரியர், இவ்வெளிய கணக்கினின்று நிகழ்தகவின் எதிர்பார்ப்பு மதிப்பு வரை ஒரே நூலாகத் தொடர்ந்து செல்வதைக் காண்பார். கண்டவர்க்கே அந்நூலின் எந்த முனையை மாணவன் கையிற் கொடுப்பது என்பது தெரியும்.

சாலையையும் விடுவானேன்? போடியினின்று போடிமெட்டு வரை ஏற்றம் ஏறக்குறைய 1,000 மீட்டர் எனலாம். 20க்கு 1 என்ற சரிவுக்கு மிகாமல் சாலை போடவேண்டுமாயின், 1,000 மீட்டர் ஏறுவதற்குக் கிடைநீளம் 20,000 மீட்டர் வேண்டும். முந்தலில் நின்று மலைமுகட்டை நேராக நோக்கினால் அத்துணைத் தொலைவு இல்லை. ஆகவே சாலை மடிந்து மடிந்து ஏறவேண்டியதாகின்றது. கொண்டை ஊசி வளைவுகள் தோன்றும் காரணம் இது. பிதாகரசு தேற்றப்படி சாலையின் சாய்நீளத்தைக் கணக்கிட்டால் 20,025 மீட்டர் வரும்; கிடைநீளத்தினும் 25 மீட்டரே மிகுதி. சிறு கோணங்களுக்குச் சைனும் டேன்ஜெண்டும் ஏறக்குறைய ஒன்றே என்று நூல்கள் கூறுவதன் பொருளை இதிற் காணலாம். தொடர் விரிவு பயின்ற ஆசிரியர் அவ்வேறுபாடு எத்துணைச் சிறிது என்பதையும் முன்கூட்டியே மதிப்பிடுவார்.

இத்துணையும் பட்டம் இல்லாமலே கற்கலாகாதா எனின், கற்கலாம். மகாராட்டிரத்துத் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி. ஆர். காப்ரேகர் முதுநிலைப் பயிற்சி ஒன்றும் பெற்றவரல்லர். எண்களோடு விளையாடுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர். 1949இல் அவர் கண்ட 6174 என்னும் எண் உலகறிந்தது. நான்கு இலக்கங்களும் ஒன்றேயாகாத எந்த நான்கிலக்க எண்ணையேனும் எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கியதினின்று ஏறுவரிசையில் அடுக்கியதைக் கழித்து, வந்ததை மீண்டும் அவ்வாறே செய்து போந்தால் ஏழு முறைக்குள் 6174இல் வந்து நிற்கும். 4321இல் 1234 போக 3087. 8730இல் 0378 போக 8352. 8532இல் 2358 போக 6174. ஆயினும், காப்ரேகர் போன்றார் அருகியே தோன்றுவர். நம்மில் பெரும்பாலோர்க்குத் தேர்வு என்னும் தார்க்குச்சி இல்லாவிடின் நூலின் மூன்றாம் அதிகாரத்துக்கு மேல் மாடு நகர்வதில்லை. பட்டத்தின் பயனுட் பாதி, அது நாள் குறிப்பதில் இருக்கின்றது.

இனி, இப்பாதையின் இடர்களை மறைக்காமற் கூறுவோம். முதலாவது காலம். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஓர் அலகுக்கு 30 மணி நேரப் படிப்பு என்று கணக்கிடுகின்றது. முதுநிலைப் பட்டம் ஒன்று 80 அலகு உடையது எனக் கொண்டால் 2,400 மணி. இரண்டே ஆண்டில் முடிக்க எண்ணினால் வாரத்துக்கு 23 மணி, அஃதாவது நாள்தோறும் மூன்று மணிக்கு மேல். பகலெல்லாம் நின்று பாடஞ்சொல்லி, விடைத்தாள் திருத்தி, வருகைப் பதிவேட்டையும் எண்ணற்ற புள்ளிவிவரப் படிவங்களையும் நிரப்பிய பின்னர் இஃது எத்தனை பேர்க்கு இயலும்? நான்கு ஆண்டு எடுத்துக்கொண்டால் நாள்தோறும் ஒரு மணி நாற்பது நிமிடம் போதும். இரண்டாண்டில் முடிப்பேன் என்று சூளுரைத்துத் தொடங்கி முதலாண்டிலேயே கைவிட்டவரினும், நான்காண்டு என்று முதலிலேயே வகுத்துக்கொண்டவரே கரையேறுவர். பெண் ஆசிரியர்க்கு இல்லப் பொறுப்பும் சேர்ந்திருத்தலால், வீட்டிலுள்ளோர் அந்த ஒரு மணி நாற்பது நிமிடத்தை அவர்க்கெனத் தனியே விட்டுக்கொடுத்தல் இன்றியமையாதது. இது கல்வித் திட்டம் எதிலும் எழுதப்பெறாத விதி. தேர்ச்சியை முடிவு செய்வதோ பெரும்பாலும் இதுவே.

இரண்டாவது இடர் தனிமை. வரலாற்று நூலைப் படித்தால் பொருள் விளங்கும். கணித நூலைப் படித்தால் விளங்கியதுபோல் தோன்றும். கையில் எழுதுகோல் எடுத்து, தேற்றத்தை மூடி வைத்துத் தானே நிறுவ முயலும்போதுதான் விளங்காமை வெளிப்படும். பிழையைச் சுட்ட அருகில் ஒருவர் இல்லாவிடின், தவறான நிறுவலைச் சரியென்று நம்பி மாதக்கணக்கில் இருத்தலும் கூடும்; ஒப்படைப்பு திருத்தம்பெற்று மீளும்போது அடுத்த பருவம் வந்திருக்கும். இதற்கு மருந்து, இரண்டு மூன்று ஆசிரியர்கள் ஒருங்கே சேர்ந்து பதிவு செய்துகொள்வதாம். மலைமேலுள்ளவர் வாரம் ஒருமுறை சந்தைக்கோ வங்கிக்கோ போடிக்கு இறங்கி வருதல் எவ்வாறும் உண்டு. அந்நாளில் இரண்டு மணி நேரம் ஒரு கரும்பலகைமுன் கூடி, ஒருவர் நிறுவ மற்றவர் குறுக்கு வினா எழுப்புதல், பத்துத் தொடர்பு வகுப்புகளுக்கு நிகராகும். 1965இல் அமைந்த இந்தியக் கணித ஆசிரியர் சங்கத்தின் உணர்வும் இஃதே. அதன் தூண்களுள் ஒருவராய் விளங்கி, சென்னை இராயபுரத்தில் 1993இல் இராமானுசன் பெயரால் கணிதக் காட்சியகமும் அமைத்த பி. கே. சீனிவாசன் வாழ்நாள் முழுதும் பள்ளி ஆசிரியராகவே தம்மை எண்ணியவர்.

மூன்றாவது போக்குவரவு. தேர்வும் தொடர்பு வகுப்பும் பெரும்பாலும் மதுரையை நாடியே அமைகின்றன. போடி–மதுரை மீட்டர்கேஜ் இரயில் 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஓடாதிருந்தது. 2023 ஜூன் திங்களில் மீண்டும் போடிக்கு இரயில் வந்தது. அவ்விடைக்காலத்தில் பயின்ற ஆசிரியர்கள் பேருந்தில் நின்றுகொண்டே பாடம் புரட்டியவர்கள். மழைக்காலத்தில் மலைச்சாலையில் மண் சரிந்தால் இரயில் இருந்தும் பயனில்லை என்பது வேறு. பதிவுபெற்ற விரிவுரைகளை 2003 முதல் என்.பி.டி.இ.எல். என்னும் திட்டமும், 2017 முதல் சுவயம் தளமும் கட்டணமின்றி வழங்குகின்றன. தொலைபேசிக் குறி கிடைக்கும் மேட்டில் அவற்றை இறக்கிக்கொண்டு, கிடைக்காத பள்ளத்தில் வைத்துக் காண்பது மலையூர்களுக்குப் பொருந்தும் முறை.

விதிகளைப் பற்றிச் சில சொற்கள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை இடைநிலை ஆசிரியரும், ஆறு முதல் பத்து வரை பட்டதாரி ஆசிரியரும், மேல்நிலை வகுப்புகளில் முதுகலைப் பட்டதாரி ஆசிரியரும் பணிபுரிதல் பொதுமுறை. ஒரு படியினின்று மறுபடிக்கு ஏறுதற்குப் பாடப் பட்டமும் பி.எட். பட்டமும் வேண்டும். தொலைநிலை பி.எட். எல்லார்க்கும் உரியதன்று, பணியிலுள்ள பயிற்சிபெற்ற தொடக்கநிலை ஆசிரியர்க்கும், நேர்முறையில் ஆசிரியப் பயிற்சி முடித்தவர்க்குமே அது திறந்திருக்கின்றது. ஆசிரியர் தகுதித் தேர்வு இவற்றினின்றும் வேறு. எத்துணை உயர்ந்த பட்டமும் அதற்கு ஈடாகாது. உயர்கல்வி பெற்ற ஆசிரியர்க்கு முன்னர்க் கிடைத்துவந்த ஊக்க ஊதிய உயர்வைத் தமிழ்நாட்டு அரசு 2020இல் நிறுத்திவிட்டது. ஆதலின் பழைய கணக்கை நம்பிக் கடன் வாங்கிக் கட்டணஞ் செலுத்துதல் கூடாது.

ஏலமலைக்கே உரிய சிக்கலும் ஒன்றுண்டு. 1956 மாநிலச் சீரமைப்பில் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தைச் சேர்ந்தன. ஆங்குத் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கெனத் தமிழ்வழிப் பள்ளிகள் உள. அவற்றில் தமிழ் ஆசிரியர்கள் கணிதம் கற்பிக்கின்றனர். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று தன் மாநில எல்லைக்கு அப்பால் கற்றல் மையம் நிறுவலாகாது என்பது மானியக் குழுவின் விதி. எனவே போடிமெட்டுச் சோதனைச்சாவடிக்கு அப்பால் வாழும் ஆசிரியர்க்குத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் மையம் வாசலுக்கு வராது. 2020இல் கொல்லத்தில் நிறுவப்பெற்ற ஸ்ரீ நாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கேரளத்தவர்க்கு உண்டு; இருபுறத்தார்க்கும் பொதுவாக நிற்பது மத்திய அரசின் இந்திரா காந்தி பல்கலைக்கழகம். எல்லையின் இருமருங்கும் நண்பர் கூடிப் பயில விரும்பின் அதனையே தெரிந்துகொள்ளல் தக்கது.

சேருமுன் செய்யவேண்டுவன இவை. குறிப்பிட்ட பாடத்துக்குக் குறிப்பிட்ட ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு ஏற்பு வழங்கியிருக்கின்றதா என்பதை அதன் பட்டியலில் நேரே பார்த்தறிக. தரகர் சொல்லையும் சுவரொட்டியையும் நம்பற்க. ஏற்புடைய தொலைநிலைப் பட்டம் கல்லூரிப் பட்டத்துக்கு நிகர் என்பது 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறையிற் கூறப்பெற்றுள்ளது, ஏற்பில்லாததோ வெறுந்தாள். அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் பணியாற்றுவோர் துறையின் முன்அனுமதியை எழுத்தில் பெற்ற பின்னரே பதிவு செய்க. படித்து முடித்த பின் அனுமதி நாடி அலைந்தோர் பட்ட பாடு சிறிதன்று. 2022 முதல் ஒரே காலத்தில் இரு பட்டங்கள் பயில மானியக் குழு இசைந்துள்ளது எனினும், பணியிலிருக்கும் கணித ஆசிரியர்க்கு ஒன்றே மிகுதி. திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் சேர்க்கை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரிப் பருவத்துக்கும் ஜூலைப் பருவத்துக்கும் நடைபெறும். கோடை விடுமுறையில் பழைய பட்டப் பாடநூல்களைத் தூசி தட்டி எடுத்து, வகை நுண்கணிதத்தையும் அணிக்கோவையையும் ஒருமுறை புரட்டிக்கொண்டு ஜூலைப் பருவத்தில் நுழைவதே ஆசிரியர்க்கு வசதி.